பதினேழாவது மேசை

திரை மறுபடியும் கறுத்துவிட்டது.

அதே இடம். லாரி ஓட்டும் கேமில், மலைப்பாதையின் மூன்றாவது வளைவு. லாரி திரும்பப் போகிற நேரத்தில் எல்லாம் அணைந்துவிடுகிறது. லாரியும் இல்லை, மலையும் இல்லை. கறுத்த கண்ணாடியில் அவள் முகம்தான் இருக்கிறது.

காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

அவள் தன் கையால் கோத்த கம்ப்யூட்டர். மறுபடி பொத்தானை அழுத்தினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். சூடு என்பது மட்டும் பிடிபட்டது.

புருஷன் தணிகைவேல் மெக்கானிக்கைக் கூட்டிவர பஜாருக்குப் போயிருக்கிறான். போகிறவன் சும்மா போகவில்லை.

"உன் கம்பெனிலயே ஆளுங்களுக்குக் கம்மி வெலைக்குக் குடுக்கறான். எல்லாம் பூட்டி, ஒட்டி, பொட்டியோட வருது. ஒயரச் சொருகுனா லாரி ஓட்டிக்கினே இருக்கலாம். உனக்கு எதுக்குடி இந்த வேல?"

போன வாரம் என்றால் அவளிடம் பதில் இருந்தது. "தெனம் தொள்ளாயிரம் கம்ப்யூட்டருல என் கை படுது. என் வூட்டுக்கு ஒண்ணு போட மாட்டனா?" தெருவே கேட்கிற மாதிரிக் கேட்டாள். பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி வந்தாள். நேற்று சனிக்கிழமை லீவு போட்டு, பாயை விரித்து, விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்து கோத்தாள்.



இன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். சன்னலுக்குப் போய் பைக் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள். திரும்பி வந்து பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு ஒயராக அழுத்தினாள். மறுபடி சன்னல்.

மெக்கானிக் வருவான். குனிவான். எதையோ தொடுவான். ஓடும்.

அதற்குப் பிறகு அவள் கம்ப்யூட்டர் செய்கிறவள் இல்லை. கம்பெனிக்குப் போய் வருகிறவள்.

அவன் வருவதற்குள் அவளே கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள், சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிற கூலரைத் தவிர. கூலர் அவள் வேலை. கம்பெனி லைனில் மேசைக்கு ஒரு வேலை; அவளுக்குப் பதினேழாவது மேசை. மூன்று வருஷமாக நின்றபடி அதைத்தான் செய்கிறாள். கூலரை எடு. ப்ராசஸர் மேல் வை. நான்கு திருகு, எதிரெதிர் மூலையாக. தூக்கத்திலும் அவள் கை திருகுகிறது என்று தணிகைவேல் சொல்வான். மழைக்காலத்தில் கட்டைவிரல் மூட்டு வீங்கிக்கொள்ளும். அதில் தப்பு வர வழியே இல்லை.

சூடு.

விரலைக் கூலர் தகட்டில் வைத்தாள்.

சில்லென்று இருந்தது.

ப்ராசஸர் வெந்து போய் அணைகிறது. அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிற கூலருக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான்கு திருகையும் கழற்றினாள். தூக்கித் திருப்பினாள்.

அடியில் ஒரு படலம். கண்ணாடி மாதிரி, மெல்லிசாக. ஓரத்தில் சிவப்பாய் ஒரு வால்.

வாலைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று உரிந்து வந்தது. அதற்குக் கீழே, ப்ராசஸரோடு ஒட்ட வேண்டிய சாம்பல் நிறப் பேஸ்ட், யாரும் தொடாமல், அப்படியே இருந்தது.

பதினாறாவது மேசை.

அங்கே குணவதி நிற்கிறாள். தொப்பி, முகமூடி, கையுறை. கண் மட்டும் தெரியும். கூலரை எடுத்து என்னவோ செய்து இந்தப் பக்கம் தள்ளுவாள். அவள் காலடிக் கூடையில் சிவப்பாய் என்னென்னவோ சுருண்டு கிடக்கும். பார்சல் குப்பை என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கேண்டீனில் இவளுடைய கிண்டல் வேறு. "உனக்கின்னாக்கா, எடுத்துக் குடுக்கற வேல." குணவதியும் சேர்ந்து சிரிப்பாள்.

மூன்று வருஷத்தில் தோல் உரிக்காத கூலர் ஒன்றுகூட இவள் கைக்கு வந்ததில்லை.

திரும்ப வைத்தாள். நான்கு திருகு. பொத்தான்.

மூன்றாவது வளைவு போனது. நான்காவது போனது. ஐந்தாவதில் லாரி ஏறும்போது வாசலில் பைக் நின்றது.

படலத்தைக் கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

மெக்கானிக் செருப்பைக் கழற்றும்போதே திரையைப் பார்த்துவிட்டான். "இன்னாண்ணே, ஜொரமே இல்லாத ஆளுக்கு ஊசி போடவா என்ன இட்டாந்த?"

தணிகைவேல் லாரியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"இன்னா பண்ண?"

"ஒரு திருகு லூசா இருந்துச்சு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. மெக்கானிக்கின் தோளில் ஓங்கித் தட்டினான். "பாத்தியா? முழு கம்ப்யூட்டரும் இவ கைதான். கண்ண மூடிக்கினு செய்வா. கடைல வாங்கலாம்னு எவனோ சொன்னான்னு வெச்சுக்க, அவன் முட்டாள்!"

சொன்னவன் அவன்தான்.

இருவரும் டீ குடிக்கப் போனார்கள். தெருமுனை திரும்பும் வரை அவன் பெருமை கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லும் முதுகில் குத்தியது.

லாரி நடுரோட்டில் உறுமிக்கொண்டு நின்றது. அவள் ஓட்டவில்லை. பெட்டியையே பார்த்தாள். ஃபேன் சத்தம் கொஞ்சம் மாறினாலும் குனிந்து காது கொடுத்தாள்.

லைனில் முப்பத்தாறு மேசை.

பதினேழில் நான்கு திருகு. பதினாறில் ஒரு தோல்.

மிச்சத்தில்?

போனை எடுத்தாள். லைன் வாட்ஸப் குரூப்பில் குணவதியின் நம்பர் இருந்தது. இதுவரை கூப்பிட்டதில்லை.

"இன்னாடி, ஞாயித்துக்கெழம என் நெனப்பு?"

படலத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை. திருகைப் பற்றியும் சொல்லவில்லை.

"யக்கா, பதினஞ்சாவது மேசைல நிக்கறாங்களே, அவங்க இன்னா பண்றாங்க?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு குணவதி குழாயை மூடுவது கேட்டது. "எடுத்துக் குடுக்கறாங்கன்னுதான்டி நானும் நெனச்சுக்கினு இருந்தேன்."