இருமல்காரர்

பஸ்ஸில் முன் சீட்டு ஆசாமி இருமிய இருமலில் கணக்கு டீச்சருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

கைக்குட்டை கிடையாது, வாயைப் பொத்துவது கிடையாது. மனுஷன் வஞ்சனை இல்லாமல் இருமினார். பக்கத்தில் அவர் மனைவி, பாவம், மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னலோடு ஒண்டியிருந்தாள்.

டீச்சர் ஏறி உட்கார்ந்து, ரெண்டு தும்மல் போட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் அந்த ஆசாமி ஆரம்பித்துவிட்டார். டீச்சருக்கு லேசான ஜலதோஷம். அதற்கெல்லாம் லீவு போட்டால் ஸ்கூல் நடக்குமா?

"சார், கைக்குட்டை கொண்டு வரலையா?" வகுப்பில் கேட்கிற அதே குரல்.

"மறந்துட்டேங்க" என்று திரும்பியவர் மறுபடியும் இருமினார். இந்த முறை டீச்சரைப் பார்த்தே.

"சம்சாரத்த பக்கத்துல வெச்சுக்கிட்டு இப்படி இருமுறீங்களே, அவங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"அதாங்க எனக்கும் கவலை."

"கவலையாம் கவலை."

டீச்சர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலோரச் சீட்டுக்குப் போய்விட்டார். அவரைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் முணுமுணுத்தபடி எழுந்து போனார்கள்.

இருமல் நின்றது. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. அவர் இன்னும் திட்டி முடிக்கவில்லை. கணக்கு டீச்சர்கள் மனதுக்குள் திட்டிப் பழகியவர்கள் இல்லை.

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்தது. இருவரும் இறங்கும்போது, "கட்டினவங்க மேல கொஞ்சமாவது அக்கறை வேணும் சார்" என்று டீச்சர் வழியனுப்பினார்.

அவர் பாட்டுக்கு இறங்கிவிட்டார். மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. கீழே சற்று எட்டி நின்று, ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"அவருக்கு இருமலே கிடையாதும்மா. எனக்குத்தான் கிட்னி மாத்தியிருக்கு. போன மாசம் யார்கிட்டருந்தோ ஒட்டின சாதாரணச் சளி, ஐசியூ வரைக்கும் கொண்டு போயிடுச்சு. அந்த வார்டுல பாதிப் பேர் அப்படி வந்தவங்கதான்."

டீச்சரின் கை தானாகப் போய் மூக்கை மூடியது. வெட்கமாக இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தள்ளிப் போயிருப்பேனேம்மா."

"நானும் அதைத்தான் சொல்றேன், கேட்டாத்தானே? 'தள்ளி உக்காருங்கன்னா அவங்க மனசு கஷ்டப்படும், நாலு திட்டு நானே வாங்கிக்கிறேன்'ங்கிறாரு."