கூரையில்லாத ஜீப்

ஒரு கார் விபத்தில் சிக்கிய பிறகு வாசுகி எந்த வண்டியிலும் கண்ணைத் திறந்ததில்லை. வியட்நாமின் கடலோர மலைச்சாலையில் கூரையில்லாத ஜீப் ஏறியபோதும் கணவன் நெடுமாறனின் தோளில் முகம் புதைத்திருந்தாள். வழிகாட்டிப் பெண் லான் காரணம் கேட்கவில்லை. ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் "லெஃப்ட்", "ரைட்" என்று வாசுகிக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். வாசுகியின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

உச்சியை நெருங்கியபோது லானின் குரல் நின்றுவிட்டது. என்ன ஆயிற்றோ என்று வாசுகி நிமிர்ந்தாள். கீழே கடல் வெயிலில் பச்சையும் நீலமுமாகப் பரந்து கிடந்தது; அதில் சின்னச் சின்னப் படகுகள் நகர்ந்துகொண்டிருந்தன. தினமும் பார்க்கிற லானே வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று நெடுமாறன் பதறினான்.

"வேணாங்க, போகட்டும். அந்தப் படகெல்லாம் எங்க போகுதுன்னு பாக்கணும்," என்றாள் வாசுகி.