வண்டி இன்னும் ரெடியாகலை

“வண்டி இன்னும் ரெடியாகலை சார்.”

சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் இருந்த பெண் சொல்லி முடிப்பதற்குள் கணக்கு வாத்தியாருக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

சும்மா ஆயில் மாற்றக் கொடுத்த கார். முதலில் பிரேக்கில் கசிவு என்றாள். அப்புறம் பார்ட்ஸ் வரவில்லை என்றாள். நேற்று போனில் “பார்க்கலாம் சார்” என்று இழுத்தாள். அதை நம்பி மூட்டை முடிச்சோடு குடும்பமே வந்து இறங்கியாயிற்று.

பின்னால் சோபாவில் மனைவி. பக்கத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளியோடு மகனும் மகளும். இரண்டும் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. இந்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்று தள்ளிக்கொண்டே போன பயணம்.

“இன்னிக்கு என்ன சாக்கு?”

“கம்ப்யூட்டர்ல ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு சார். நீங்க பஸ்ல போயிட்டு வந்துடுங்களேன்.”

“பஸ்ல போறதுக்கா நான் லோன் போட்டுக் கார் வாங்கினேன்?”

“ரயில்ல இடம் இருக்கான்னு வேணா நானே பார்த்து...”

“நீங்க கார் கம்பெனியில வேலை பாக்கறீங்களா, ரயில்வேயிலயா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுபடியும், “மன்னிச்சுக்குங்க சார்” என்றாள்.

வாத்தியார் விடுவிடுவென்று பின்பக்கம் போனார். மற்ற கார்களெல்லாம் ஷெட்டுக்குள் நிழலில் சொகுசாக நிற்க, அவருடைய நீலக் கார் மட்டும் மதில் ஓரமாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பெற்ற பிள்ளையை யாரோ வெளியே நிறுத்தி வைத்ததுபோல வயிறு எரிந்தது.

கை துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கைப் பிடித்தார்.

“அந்த நீலக் காருக்கு என்னப்பா கோளாறு?”

“அதுவா? அதுல வேலை முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சே சார். கவுன்ட்டர் அக்காதான் யார் கேட்டாலும் சாவியைக் குடுக்காதேன்னாங்க.”

ஒரு வாரம்! இல்லாத ரிப்பேரைச் சொல்லி பில்லை ஏற்றுகிற கூட்டத்தைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் கதை கதையாகக் கேட்டிருக்கிறார். கடைசியில் தன்னிடமே கைவரிசையைக் காட்டிவிட்டார்களே!

கதவைக்கூடத் தட்டாமல் மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். கடைசி பெஞ்ச் வரை எட்டுகிற குரல், அன்றைக்குத் தெருமுனை வரை கேட்டது.

மேனேஜர் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

“வேலை முடிஞ்ச வண்டியை ஏம்மா சாருக்குக் குடுக்கலை?”

“சார், உங்களுக்கே தெரியும்...”

“கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பார்த்தீங்களா? வாயைத் திறக்கறாங்களா பாருங்க!” வாத்தியார் மேஜையைத் தட்டினார். “வாங்கற சம்பளம் பத்தாம வாடிக்கையாளர் வயித்துல அடிக்கறாங்க. இவங்களை இன்னும் இங்க வெச்சிருந்தீங்கன்னா நான் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன்!”

“அதுக்கெல்லாம் அவசியமே இல்ல சார்” என்ற மேனேஜர் அவளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அவள் கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

வாத்தியாருக்கே ஒரு நிமிஷம் திக்கென்றது. இருந்தாலும் ஏமாற்றுக்காரிக்கு என்ன இரக்கம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

காரை இலவசமாகவே கழுவிக் கொடுத்தார்கள். மேனேஜர் வாசல்வரை வந்து, தன் கையாலேயே சாவியைக் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சாக்லெட் வேறு.

“சந்தோஷமா போயிட்டு வாங்க சார்.”

இவரல்லவா மனுஷன் என்று பூரித்துப்போனார் வாத்தியார்.

“பார்த்தியா? தட்டிக் கேட்டாத்தான் எதுவும் நடக்கும்” என்றார், வண்டியைக் கிளப்பியபடி.

“எல்லாம் சரிங்க. அதுக்காக அந்தப் பொண்ணு வேலையே போற அளவுக்கு...”

“நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

கேட்டைத் தாண்டப் போகும்போது குறுக்கே வந்து நின்றாள் அவள். தோளில் கைப்பை, கையில் சாப்பாட்டு டப்பா. ஹாரன் அடித்தார். நகரவில்லை. விடாமல் அடித்தார். அப்படியே நின்றாள்.

கண்ணாடியை இறக்கினார் வாத்தியார்.

“இன்னும் என்னம்மா வேணும் உனக்கு?”

“என்ஜினை அணைச்சுட்டு முதல்ல பிள்ளைங்களை இறக்குங்க சார். இந்த மாடல் வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே தீப்பிடிக்குது. இந்த ஊர்லயே மூணு வண்டி எரிஞ்சுபோச்சு. எல்லா வண்டியையும் கம்பெனி திரும்பக் கூப்பிடப் போகுது. ஆனா இந்த மாச விற்பனை முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு.”

வாத்தியார் சட்டென்று சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார். மனைவி அதற்குள் மகளை வாரி எடுத்துக்கொண்டு, மகனையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தாள்.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா!” என்றாள் மனைவி.

“சொன்னா வேலை போயிடும்னு பயம் மேடம். அதான் பிரேக்கு, பார்ட்ஸுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லி வண்டியைப் பிடிச்சு வெச்சிருந்தேன். இப்பத்தான் சார் புண்ணியத்துல அந்த வேலையும் போயிடுச்சே... இனிமே தைரியமா சொல்லலாம்.”