கோடு போட்ட பைஜாமா

"இந்தக் கோலத்துல உள்ளே விட முடியாதும்மா," என்று துணிக்கடை வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார்.

"எந்தக் கோலத்துல?" அந்தப் பெண் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

மேனேஜருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. இரவு உடையில் வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்று போன வாரம்தான் கதவில் எழுதி ஒட்டியிருந்தார். பால் வாங்கக் கிளம்பினவர்கள் எல்லாம் பைஜாமாவோடு நுழைந்தால் கடைக்கு என்ன மரியாதை? விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார்.

"படுக்கையிலேருந்து எழுந்து நேரா வந்துட்டீங்களா? நாலு பேர் வந்து போற இடம்னு ஒரு கூச்சம் வேணாம்?"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். இது தூங்கறப்போ போடறதுதானா?"

"இதுல சந்தேகம் வேறயா? சின்னக் குழந்தைகூடச் சொல்லும்!"

"எங்க ஆபீசரும் காலையில இதையேதான் சொன்னார். எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டுட்டு, மாத்திட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டார்."

"ஆபீசுக்கே போட்டுட்டுப் போனீங்களா! அவர் செஞ்சதுதான் சரி."

அவள் அவருடைய முதுகுக்குப் பின்னால் கை காட்டினாள்.

மேனேஜர் திரும்பினார். வாசலைப் பார்த்து நின்ற பொம்மை, அதே கோடு போட்ட பைஜாமாவில் ஜம்மென்று சிரித்தது. இரவு உடைப் பிரிவில் விலைபோகாமல் தூங்கிய சரக்கு அது. இடம் மாற்றச் சொன்னதே அவர்தான். பொம்மையின் காலடியில் பலகை: 'ஆபீஸ் உடைகள் – புது வரவு.'

"நேத்து அதைப் பாத்துத்தான் சார் இங்க வாங்கினேன். முதல்ல அதை வெளியே அனுப்புங்க. அப்புறம் நான் போறேன்!"