கொக்கு எடுக்கச் சொன்ன மயில்

அந்தக் காட்டில் வாராவாரம் கால்பந்து நடக்கும். ஆடத் தெரியாதவர்கள், ஆடுகிறவர்களில் சிலரைத் தங்கள் அணி என்று தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். அவர்கள் நன்றாக ஆடினால் இவர்களுக்குப் புள்ளி. யாருக்கு அடிபட்டிருக்கிறது, யார் இடம் மாறி ஆடப்போகிறார் என்பதையெல்லாம் குளக்கரைக் கொக்கிடம்தான் கேட்க வேண்டும். பயிற்சி முடியும்வரை கண் எடுக்காமல் பார்க்கிற ஒரே ஆள் அதுதான்.

அந்த வாரம், கோல் அடிக்கிற மயிலுக்குக் கால் பிசகிவிட்டது. எல்லோரும் தங்கள் தேர்விலிருந்து மயிலைக் கழற்றிவிட்டார்கள்.

"நீ மயிலை எடு," என்றது கொக்கு, அணிலிடம்.

"ஐயோ, நொண்டுதே அண்ணே!"

"ஓட முடியாதுதான். அதனால கோல் காக்க நிறுத்துவாங்க. ஒத்தக் கால்ல நின்னு தோகையை விரிச்சா பந்து எங்கடா போகும்?"

அணில் அரைமனதாக எடுத்தது. ஆட்டத்தில் காட்டுப்பன்றி முட்டிய பந்துகூடத் தோகையைத் தாண்டவில்லை.

அணில் குளக்கரைக்கு ஓடிவந்தது. "ஒத்தக் கால்ல அவ்வளவு நேரம் நிக்க முடியும்னு எப்படிண்ணே நம்பினீங்க?"

கொக்கு வயிற்று இறகை மெல்ல விலக்கிக் காட்டியது. அங்கே இன்னொரு கால் இல்லை.

"மடக்கி வெச்சிருக்கேன்னா இத்தனை நாளா நினைச்சே?"