சன்னல் பக்கம்

"உங்க பொண்ணு கால்ல சக்கரமா கட்டி விட்டிருக்கீங்க? அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குறா!"

டீச்சர் சொல்லச் சொல்ல, சாரம் கட்டும் அந்தத் தொழிலாளி மடியிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டில் காய்ந்துபோன சிமெண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். வேலைக்கு நடுவில் கூப்பிட்டனுப்பியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் விளையாடப் போய்விட்ட வகுப்பறையில், மகள் மட்டும் அவர் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா காதுல விழறதில்ல. கணக்கு பாதியில நிக்குது. பென்சில் விழுந்துச்சுன்னு எழுந்திருப்பா, பார்வை வெளியில போயிடும். சன்னல் பக்கத்துலேர்ந்து சுவர் பக்கம் மாத்தினேன். அப்புறம் இன்னும் மோசம்."

"வீட்ல அப்படி இல்லீங்களே டீச்சர். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிர்லயே அசையாம உட்கார்ந்திருப்பா."

"எல்லா அப்பாவும் இதத்தான் சொல்றாங்க. இது சேட்டை இல்லீங்க, கவனக்குறைவுன்னு ஒரு கோளாறு. டாக்டர்கிட்ட காட்டணும். சிலருக்குப் பரம்பரையா வரும். வீட்ல யாருக்காவது உண்டா?"

"இல்லீங்க. அவ அம்மா என்கூடத்தான் வேலை செஞ்சா. எடுத்த வேலைய முடிச்சுட்டுதான் மூச்சு விடுவா." அவர் குரல் இறங்கியது. "அவ போனதுக்கப்புறம்தான் புள்ள இப்படி."

டீச்சரும் கொஞ்சம் தணிந்தார். "புரியுதுங்க. ஆனா போன வாரம் பரீட்சை நடுவுல எழுந்து ரோடு வரைக்கும் ஓடிட்டா. வண்டி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? டாக்டர் பார்க்கிற வரைக்கும் பின்கட்டு வகுப்புல உட்காரட்டும். அங்க சன்னலே கிடையாது."

"அய்யோ, அங்க வேணாம்ப்பா!" மகள் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"பின்ன ஏன் கண்ணு அன்னிக்கு ஓடுனே?"

"நீதான் வெள்ளை ஹெல்மெட் போட்டுட்டுப் போயிட்டே!"

அவருக்கு நினைவு வந்தது. அன்று மஞ்சள் ஹெல்மெட்டின் வார் அறுந்துபோனதால், மேஸ்திரியிடம் வேறு ஹெல்மெட் வாங்கி மாட்டிக்கொண்டு மேலே ஏறியிருந்தார்.

மகள் சன்னலுக்கு வெளியே விரலை நீட்டினாள். சாலைக்கு அந்தப் பக்கம் பாதி எழும்பிய கட்டடம். அதன் உச்சியில், அவர் காலையில் கட்டிவிட்டு வந்த சாரம்.

"மஞ்சளக் காணோம்னதும் பயந்துட்டேன். அம்மா மேலேர்ந்து விழுந்தப்ப யாருமே பாக்கலைன்னு சொன்னியேப்பா... அதான், உன்ன நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."