டேப் சுற்றிய வயர்

கைப்பையிலிருந்து எடுத்ததை அண்ணனின் வேலை மேஜை மேல் வைத்தாள் தங்கை.

விரல் நீளத்துக்கு ஒரு வயர்த் துண்டு. நடுவில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

அண்ணன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் முன்னால் யாருடைய டிராக்டரின் ஸ்டார்ட்டர் மோட்டாரோ பிரிந்து கிடந்தது. அதை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் பண்ணின மோட்டார்ல என்ன குறை? ஒரே சாவியில ஸ்டார்ட் ஆச்சா, இல்லையா?"

டிராக்டர்க்காரர்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயரே 'ஒரே சாவி'தான். அவன் கைபட்ட ஸ்டார்ட்டர் இரண்டாம் தடவை சாவியைத் திருப்ப விடாது. அதில் பொய்யே இல்லை.

மோட்டாரில் குறை என்று அவளும் சொல்லவில்லை.

அவள் வீட்டு டிராக்டர் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்தபோது, அவள் கணவர் நேரே இங்கேதான் இழுத்துக்கொண்டு வந்து விட்டார். மச்சான் பட்டறை இருக்கும்போது வேறெங்கே போவார்? ஆனால் பட்டறையில் சொந்தக்காரன் வண்டிக்கு என்ன மரியாதை என்பது ஊரறிந்த விஷயம். மற்ற வண்டிகளெல்லாம் கிளம்பிப் போய், மெக்கானிக் கைகால் கழுவப் போகிற நேரத்தில்தான் அதன் முறை வரும்.

மோட்டாரை அண்ணன் நன்றாகவே சரிசெய்தான். கிளட்ச்சுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கிளட்ச்சை மிதித்தால்தான் அது ஸ்டார்ட்டருக்குக் கரண்ட்டை விடும். அது உடைந்திருந்தது. புதிது வாங்கிவரச் சோம்பல்பட்டு, இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப்பைச் சுற்றிவிட்டான். கிளட்ச்சை மிதிக்காவிட்டாலும் இனி வண்டி கிளம்பும் என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. மாப்பிள்ளை வண்டிதானே, போதும் என்று நினைத்திருப்பான்.

அவள் கணவர் மறதியில் மன்னர். வண்டியைக் கியரில் போட்டபடியே நிறுத்துவார். மறுநாள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். வண்டி மூச்சே விடாது. "அட, கிளட்ச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டு மிதிப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் பார்த்துச் சிரிக்கும் கூத்து இது.

வண்டி பட்டறையிலிருந்து வந்த மறுநாள் காலையும் அப்படித்தான் திருப்பினார். ஒரே சாவியில் கிளம்பி, கியரோடு பாய்ந்து, கொட்டகைச் சுவரில் மோதி நின்றது.

அன்று கூடிய கூட்டத்தில் முதலில் வாயைத் திறந்தவன் அண்ணன்தான். மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து உலுக்கி, கியரைப் பார்க்கத் தெரியாதவனுக்கு எதற்கு டிராக்டர் என்று கத்தினான். சொந்தபந்தம் மொத்தமும் அதையே பிடித்துக்கொண்டது.

அவளும் அதை நம்பித்தான் இருந்தாள்.

வண்டியை விற்றுத் தலைமுழுகிவிடலாம் என்று, அதற்கு முன் ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டினாள். அவர்தான் கிளட்ச்சுக்கு அடியில் கையை விட்டு இந்தத் துண்டை வெட்டி எடுத்தார். யாரம்மா இந்த வேலையைப் பார்த்தது என்று கேட்டார். சொந்த அண்ணன் என்று சொல்லாமல், துண்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் தட்டில் போட்ட சாப்பாடு போட்டபடி கிடக்கிறது. கணவர் கிணற்றுப் பக்கம் நடந்தால், அவளும் ஏதோ வேலை இருப்பதுபோல் பின்னாலேயே போகிறாள். ஒருநாள் தான் அசந்துபோய்விடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருக்கிறது.

அவரைப் பிடித்து நிறுத்த ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்ல வேண்டியவன் இங்கே உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"ஊர் முன்னாடி வேணாம்ணா. வீட்டுக்கு வந்து அவர்கிட்ட மட்டும் சொல்லு, வயரை முறுக்கினது நான்தான், உங்க மேல தப்பில்லைன்னு."

அண்ணன் வயர்த் துண்டைக் கையில் எடுத்தான். டேப்பின் கடைசிச் சுற்றை இழுத்து, நுனியை உள்ளே மடக்கிவிடுவது அவன் பழக்கம். இதிலும் மடக்கியிருந்தது. அவன் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சிரித்தபடி கையை உயர்த்தினார். அண்ணனும் பல்லைக் காட்டித் தலையாட்டினான். அதே நேரத்தில் துண்டை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான்.

அவள் நகரவில்லை.

வந்தவர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் அண்ணனின் முகம் கோணிப்போனது. குரலை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கேட்டான்.

"நம்ம அம்மாவைக் கொன்னது நான்தான்னு என் வாயாலயே சொல்லச் சொல்றியா? எந்த மனுஷனால அதைச் சொல்ல முடியும்?"

அன்று காலை அம்மா அந்தக் கொட்டகைச் சுவரோரம்தான் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தாள்.

தங்கை கைப்பையை மூடினாள்.

"அவர் தினமும் சொல்லிட்டிருக்காருண்ணா."